தொல்லியலாளர் இரா. நாகசாமி வெறும் மியூசியம் ஆளா?

‘நாகசாமி சென்னை மியூசியத்தோடு சரி, ராமநாதபுரம் பக்கம் அவருக்கு வேலையே இல்லை’ என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிகூடச் சரியில்லை. எழும்பூரில் உள்ள அந்த மியூசியத்தில் காப்பாட்சியராக இருந்தது தொடக்கத்தில் சில வருடங்கள்தான். 1966 முதல் 1988 வரை தமிழகத் தொல்லியல் துறை இயக்குநர். ராமநாதபுரம் மாவட்டம் அழகன்குளத்துக் கோட்டைமேட்டில் முதல் அகழாய்வு 1986-87-ல், அவர் காலத்தில்தான் தொடங்கியது. வைகை கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்து மேடு அது. ரோமானியக் காசு, மதுச்சாடி ஓடு, கப்பல் கீறிய பானை ஓடு என்று அடுத்தடுத்த அகழாய்வுகளில் கிடைத்துக்கொண்டே இருந்தன. (இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் வெறும் சில்லு!) அதற்காக முழுப் பெருமையையும் இயக்குநர் தலையில் ஏற்றவும் வேண்டாம். வெயிலில் குழி வெட்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள். அப்புறம், ராமநாதபுரம் சேதுபதிகளின் அரண்மனையான இராமலிங்க விலாசமும் தொல்லியல் துறையிடம்தான் இருக்கிறது, அருங்காட்சியகத் துறையிடம் இல்லை.