50,000 பேர் வாக்களித்தால் மட்டும் போதாது

"ஆயிரம் பேரிடம் கேட்டுவிட்டு ஒரு நாட்டின் மனநிலையைச் சொல்வது மோசடி, 50,000 பேர் வாக்களித்த இணைய வாக்கெடுப்புதான் நிஜம்" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். கருத்துக்கணிப்புகளைச் சந்தேகிப்பது சரி, ஆனால் நீங்கள் சொல்லும் காரணம் தவறு.

எத்தனை பேர் என்பதைவிட, அவர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்பதே முக்கியம். 1936 அமெரிக்க அதிபர் தேர்தலையே பாருங்கள். 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் நடத்திய தபால் கருத்துக்கணிப்புக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். அதை வைத்து, ரூஸ்வெல்ட்டை எதிர்த்துப் போட்டியிட்ட லாண்டன் ஜெயிப்பார் என்றது அந்த இதழ். ஜெயித்தவர் ரூஸ்வெல்ட், அதுவும் 48 மாநிலங்களில் 46-ஐ அள்ளிக்கொண்டு! பெரும்பாலும் தொலைபேசிப் பட்டியல், கார் பதிவேடு ஆகியவற்றிலிருந்து பெயர்களை எடுத்திருந்தார்கள். பொருளாதார மந்தக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருந்திருக்கும்? அப்புறம், கேட்டவர்களில் பெரும்பாலானோர் பதிலே அனுப்பவில்லை. மிகக் குறைவான பேரிடம் கேட்ட காலப் என்ற கருத்துக்கணிப்பு நிறுவனம் வெற்றியாளரைச் சரியாகச் சொன்னது.

இணைய வாக்கெடுப்பிலும் இதே கோளாறுதான். வாக்கெடுப்பு நடத்தும் பக்கத்தைப் பின்தொடர்பவர்களும், கோபமோ ஆர்வமோ உள்ளவர்களும்தான் வந்து அழுத்துவார்கள். சில இடங்களில் ஒருவரே பலமுறை அழுத்தலாம்.

குலுக்கல் முறையில் ஒழுங்காக எடுத்த ஆயிரம் பேர் என்றால், பிழை வரம்பு (கணிப்பு உண்மை நிலையிலிருந்து விலகக்கூடிய அளவு) ஏறக்குறைய 3 சதவீதப் புள்ளி, கூடவோ குறையவோ. மக்கள்தொகை கோடிகளில் இருந்தாலும் அது பெரிதாக மாறாது. ஆனால் இரு கட்சிகளுக்கு இடையே 2 புள்ளி வித்தியாசம் என்றால் யார் முந்துகிறார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. செய்திகள் இதை அடிக்கடி மறைக்கின்றன, அங்கே உங்கள் கோபம் நியாயம்தான்.

பதிவைப் பலர் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து அந்த வரியைத் திருத்திவிடுங்கள்.