எத்தனை மெகாபிக்சல் என்று மட்டும் கேட்காதீர்கள்

போன வாரம் பாட்டியின் படங்கள் இரண்டை 24 அங்குல அகலத்துக்குப் பிரிண்ட் போட்டு, மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே சாயங்காலம், ஒரே ஜன்னலோரம், வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த நேரம். ஒன்று 48 மெகாபிக்சல் போனில் எடுத்தது. இன்னொன்று 2008-ல் வந்த நிக்கான் டி700-ல் எடுத்தது. அது வெறும் 12 மெகாபிக்சல்.

கணக்குப்படி போன்தான் ஜெயிக்க வேண்டும். போன் படத்தின் அகலத்தில் இருக்கும் 8000 பிக்சலை 24 அங்குலத்தில் பரப்பினால் அங்குலத்துக்கு 333 வருகிறது. நிக்கானிடம் இருப்பது 4256 பிக்சல்தான், அங்குலத்துக்கு 177. ஆனால் காதோரத்து நரைமுடியைப் பார்த்தால் கதையே வேறு. நிக்கான் படத்தில் ஒவ்வோர் இழையும் தனியாகத் தெரிகிறது. போன் படத்தில் அதே இடம் தூரிகையால் இழுத்துவிட்ட வெள்ளைப் பூச்சு. கன்னத்துச் சுருக்கங்களையும் நாய்ஸ், அதாவது மங்கிய வெளிச்சத்தில் படத்தில் விழும் புள்ளிகள், என்று நினைத்து சாஃப்ட்வேர் வழித்து எடுத்துவிட்டது. பாட்டியின் முகத்தில் சுருக்கம் இல்லையென்றால் அது பாட்டியே இல்லை. எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

டி700-ன் சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் சில்லு, 36×24 மில்லிமீட்டர். இந்த மாதிரி போன்களில் பெரிய சென்சார் என்பதே சுமார் 10×7 தான். பரப்பளவில் 12 மடங்கு வித்தியாசம். அந்தச் சின்ன இடத்துக்குள் நாலு கோடியே எண்பது லட்சம் பிக்சல்களை அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் வெளிச்சம் எவ்வளவு இருக்கும்? போதாததற்கு, இந்த 48 மெகாபிக்சல் சென்சார்கள் பெரும்பாலானவற்றில் நாலு நாலு பிக்சலுக்கு ஒரே நிற ஃபில்டர்தான், அதனால் நிறத்தைப் பொறுத்தவரை நாலும் சேர்ந்து ஒன்று மாதிரி. அதே 24 அங்குலத்துக்கு நிக்கான் படத்தை 17 மடங்கு பெரிதாக்கினால் போதும். போன் படத்தை 60 மடங்குக்கு மேல் இழுக்க வேண்டும். லென்ஸின் சின்னக் குறையும் கூடவே இழுபடும்.

அதற்காகப் பிக்சல் கணக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. 24 மெகாபிக்சல் என்றால் 6000×4000. அங்குலத்துக்கு 300 வைத்தால் 20×13 அங்குலம் வரும். சென்சார் கொஞ்சம் சின்னதான ஏபிஎஸ்-சி கேமராவானாலும், டி700 மாதிரி ஃபுல் ஃப்ரேமானாலும் இந்தக் கணக்கு மாறாது. மாறுவது அந்தப் பிக்சல்களுக்குள் இருக்கும் சரக்கு. இன்னொன்று, பிக்சலை இரண்டு மடங்காக்கினால் பிரிண்டும் இரண்டு மடங்காகிவிடாது. நீளம் அகலம் இரண்டும் இரட்டிக்க நாலு மடங்கு பிக்சல் வேண்டும். 24-லிருந்து 48-க்குப் போனால் 20 அங்குலம் 28 ஆகும், அவ்வளவுதான்.

இந்த 300 என்பதையும் வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். கையில் பிடித்து, 30 சென்டிமீட்டர் தூரத்தில் பார்க்கும்போது நம் கண் பிரித்தறியும் எல்லை ஏறக்குறைய அது. அரை மீட்டர் தள்ளி நின்றால் 175 போதும். ஒரு மீட்டரில் 90-கூட வேண்டாம். ஃபைலைத் திறந்து டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) பெட்டியில் 72-ஐ 300 என்று மாற்றி அனுப்புகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: அந்த எண்ணை மட்டும் மாற்றினால் ஒரு பிக்சல்கூடக் கூடாது. மெசேஜ் ஆப்பில் சுருங்கி 1600 பிக்சலாக வந்த படம், என்ன எண் போட்டாலும் 1600 தான். ஒரிஜினல் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள்.

நிக்கான் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டேன். போன் படத்தை ஆல்பத்துக்காக 6 அங்குலத்தில் மறுபடி போட்டேன். அந்த அளவில் பூச்சு தெரியவே இல்லை, அழகாக இருக்கிறது.