ஆலயத்தை வாடகைக்கு விடலாம், ஆனால் யாரை வெளியேற்றிவிட்டு?

கிறிஸ்தவ ஆலயத்தையோ ஆலய மண்டபத்தையோ வெளியாருக்கு வாடகைக்கு விடலாமா என்று பேச்செடுத்தால் போதும். ஒரு பக்கத்திலிருந்து "என் பிதாவின் வீட்டை வியாபார வீடாக்காதிருங்கள்" என்ற வசனம் வரும். இன்னொரு பக்கத்திலிருந்து ஒழுகுகிற கூரையும் கரண்ட் பில்லும் வரும். மூன்று வருடம் செயற்குழுவில் இருந்தவன் நான், இரண்டையும் நிறையக் கேட்டிருக்கிறேன். விடலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் விட்ட விதத்தில் எங்கள் சபை ஒரு தப்பு செய்தது. அந்தத் தீர்மானத்துக்கு நானும் கை தூக்கினேன்.

வாரத்துக்கு 168 மணி நேரம். ஆராதனை, ஜெபக்கூட்டம், பாடகர் குழுப் பயிற்சி, ஞாயிறு பள்ளி எல்லாம் சேர்த்தாலும் எங்கள் கட்டடம் 20 மணி நேரம்கூடத் திறந்திருக்காது. மீதி நேரமெல்லாம் பூட்டுதான். இத்தனை பேர் காணிக்கை போட்டுக் கட்டிய இடம் இருட்டில் கிடந்தால்தான் பரிசுத்தம் காக்கப்படும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆலயம் எந்தக் காலத்திலும் ஆராதனைக்கு மட்டுமே இருந்தது என்பதும் சரித்திரத்துக்குப் பொருந்தாது. இடைக்கால இங்கிலாந்தில் பீடம் இருக்கும் பகுதியைப் பராமரிப்பது குருவானவர் பொறுப்பு, மக்கள் கூடும் நடுக்கூடம் ஊரார் பொறுப்பு. அந்த நடுக்கூடத்தில் ஊர்க்கூட்டம் நடந்திருக்கிறது. பீர் காய்ச்சி விருந்து வைத்து, விற்ற பணத்தில் ஆலயத்தைப் பழுது பார்த்திருக்கிறார்கள். 1285-ல் வந்த வின்செஸ்டர் சட்டம் ஆலய வளாகங்களில் சந்தை கூடக் கூடாது என்று தடை போட்டது. சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்கு அங்கே சந்தை கூடியிருக்கிறது என்றுதானே அர்த்தம்.

இன்றைய விதிகளும் கதவை முழுக்கச் சாத்தவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் 1983-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பில் 1210-ஆம் சட்டம், இடத்தின் புனிதத்துக்கு முரணாகாத வேறு பயன்பாட்டை ஆயர் அந்தந்தச் சந்தர்ப்பத்தைப் பார்த்து அனுமதிக்கலாம் என்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையின் 2011-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலயத்தின் ஒரு பகுதியைக் குத்தகைக்கே விடலாம், மொத்தக் கட்டடமும் முதன்மையாக வழிபாட்டுக்கே பயன்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு. என்னை அதிகம் யோசிக்க வைத்தது 1987-ல் ஆலயங்களில் நடக்கும் இசைக் கச்சேரிகளைப் பற்றி வத்திக்கான் அனுப்பிய கடிதம். எப்படிப்பட்ட இசை, இசைக்குழு எங்கே நிற்க வேண்டும் என்பதோடு அதில் இன்னொன்றும் இருக்கிறது: நுழைவுக்குக் கட்டணம் கூடாது, எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். காசு இல்லாதவன் வாசலில் நிற்கக் கூடாது என்ற கவலையாகத்தான் அதை நான் படிக்கிறேன்.

இப்போது அந்த வசனத்துக்கு வருகிறேன். எருசலேம் தேவாலயத்தில் வியாபாரம் செய்தவர்களை இயேசு விரட்டியபோது சொன்னது அது. அதே சம்பவத்தை மாற்கு தன் சுவிசேஷத்தில் சொல்லும்போது மட்டும் "எல்லா ஜனங்களுக்கும் ஜெபவீடு" என்று வருகிறது. நாணயம் மாற்றித் தரும் காசுக்காரரும் பலிக்கான புறா விற்பவரும் உட்கார்ந்திருந்தது புறஜாதியார் பிரகாரத்தில் என்று விளக்கவுரைகள் பலவும் சொல்கின்றன. யூதரல்லாதவர் அதற்கு மேல் உள்ளே போக முடியாது. ஜெபிக்க அவர்களுக்கு இருந்த ஒரே இடத்தில் கடை போட்டுவிட்டார்கள். வேறு போக்கிடம் இல்லாதவனின் இடம் பறிபோனதை நினைத்துத்தான் ஆண்டவர் அத்தனை கோபப்பட்டார் என்று நினைக்கிறேன்.

நாங்கள் செய்ததும் அதுதான். செவ்வாய்க்கிழமை மாலைகளில் எங்கள் சின்ன மண்டபத்தில் குடியிலிருந்து மீண்டவர்கள் கூடுவார்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் முறையில் நடக்கும் குழு. வெளியார் நன்கொடை வாங்காமல் தங்கள் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வது அவர்களுடைய மரபு, அதனால் எங்களுக்கும் ஒரு சிறு தொகையைத் தவறாமல் தந்துவந்தார்கள். ஒரு நிறுவனம் அதே நேரத்தை விற்பனைக் கூட்டங்களுக்குக் கேட்டது. பல மடங்கு வாடகை. கூரை வேலை பாக்கி இருந்தது. பத்தே நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது. விஷயத்தைச் சொல்லப் போனவன் நான். "பரவாயில்லைங்க சார், வேற இடம் பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு, அன்றைக்கும் நாற்காலிகளை மடக்கி அடுக்கி வைத்துவிட்டுத்தான் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் அதன்பிறகு எந்தக் குழுவுக்கும் போவதில்லை என்று பின்னால் கேள்விப்பட்டேன். கூரை இப்போது ஒழுகவில்லை.

வாடகை வருமானம், போக்கிடம் இல்லாதவர்களுக்கு இடம், இரண்டையும் சேர்த்து நடத்த முடியும். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் இருக்கிற செயின்ட் மார்ட்டின்-இன்-தி-ஃபீல்ட்ஸ் ஆலயத்தின் நிலவறையில் உணவகம் நடக்கிறது, ஆலயத்தில் டிக்கெட் போட்டுக் கச்சேரியும் நடக்கிறது. அதே ஆலயம்தான் முதல் உலகப்போர்க் காலத்தில் போர்முனையிலிருந்து வந்த சிப்பாய்களுக்கும் தங்க இடமில்லாதவர்களுக்கும் கதவைத் திறந்து வைத்தது. வீடற்றவர்களுக்கான அந்தப் பணி இன்றுவரை தொடர்கிறது. வியாபாரம் இருக்கிறது, ஆனால் அது யாரையும் இடம்பெயர்க்கவில்லை.

எங்கள் செயற்குழுவிடம் நான் கேட்பது வரிசையை மாற்றச் சொல்லித்தான். ஆண்டுத் தொடக்கத்தில் பதிவேட்டைத் திறந்ததும் ஆராதனை நேரங்களைக் குறியுங்கள். அடுத்து, வாடகை தர முடியாதவர்களுக்கும் வேறு இடம் கிடைக்காதவர்களுக்கும் நேரம் ஒதுக்குங்கள். அந்த நேரத்தை எவ்வளவு பணம் வந்தாலும் தொடக்கூடாது. மிச்சத்தைத் தாராளமாக வாடகைக்கு விடுங்கள், நிறுவனங்களிடம் முழு வாடகையே வாங்குங்கள். எழுத்தில் ஒப்பந்தம், காப்பீடு, எத்தனை பேர், எத்தனை மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் தெளிவாக இருக்கட்டும். வாடகை வருமானத்தால் வரிவிலக்குக்குப் பாதிப்பு வருமா என்று கணக்காளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, யாரும் பேசாதது. சனிக்கிழமை இரவு நிகழ்ச்சி முடிந்தபின் குப்பை அள்ளி, நாற்காலி திருப்பிப் போட்டு, ஞாயிறு காலை ஆராதனைக்கு ஆலயத்தைத் தயார் செய்வது ஆலயப் பணியாளர் ஒருவர்தான். வாடகை கணக்கில் ஏறுகிறது, அவருடைய சம்பளம் ஏறவில்லை. ஒவ்வொரு வாடகையிலிருந்தும் அவருக்கு ஒரு பங்கு போக வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரப் போகிறேன். உங்கள் சபையில் யாருக்கு இடம் தருவது என்று முடிவெடுப்பது யார்? விதி எழுத்தில் இருக்கிறதா? இருந்தால் பகிருங்கள், எங்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்ட உதவும்.