கோச் என்று பெயர் வைத்தால் கோள்மூட்டி கோச் ஆகிவிடுமா?

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இன்னும் எத்தனை பேர் அனுப்புவீர்கள்? பார்த்துவிட்டேன். டெவலப்பர்கள் எழுதுவதைப் பார்த்து அறிவுரை சொல்லும் 'ஏஐ கோச்' என்ற கருவி போட்ட வாராந்திர மார்க் பட்டியல், கடைசியில் சிவப்பு நிறத்தில் ஒரு ஜூனியர் பெண், கீழே மேனேஜர் சாரின் 'ஊக்கமூட்டும்' வரி. அந்த வாரம் அவள் செய்தது, எங்கும் பயன்படாத பழைய புரோகிராம் கோடைத் தேடி நீக்கியது. கருவியின் கணக்கில் அது குறைந்த பங்களிப்பு.

1982-ல் ஆப்பிளின் லிசா கம்ப்யூட்டர் அணியில், வாரம் எத்தனை வரி கோட் எழுதினாய் என்று படிவம் நிரப்பச் சொன்னார்கள். திரையில் படம் வரையும் குவிக்டிராவின் ஒரு பகுதியைத் திருத்தி வேகமாக்கி, 2000 வரியைக் குறைத்திருந்த புரோகிராமர் பில் அட்கின்சன் படிவத்தில் போட்டது 'மைனஸ் 2000'. கொஞ்ச நாளில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள். நாம் அதே படிவத்தை இப்போது மாதச் சந்தா கட்டி வாங்குகிறோம்.

நான் சொல்வது ஒன்றுதான். கோச் பார்த்தது மேனேஜர் கண்ணுக்குப் போகக் கூடாது. சுருக்கமாகக்கூட. சராசரியாகக்கூட.

"அவரவர் மெஷினிலேயே ஓடும் கோச்சைத் தனியாக செட்அப் செய்வது கஷ்டம் சார், அதான் ரெடிமேட்" என்பவர்களுக்கு: 16 ஜிபி ராம் உள்ள லேப்டாப் போதும். ஏஐ மாடலை நம் லேப்டாப்பிலேயே ஓட்டும் ஒல்லாமா மென்பொருளைப் போட்டு, குவென் 2.5 கோடர் 7பி என்ற மாடலை இறக்குங்கள், 5 ஜிபிக்குள்தான். எல்லாரும் வழுக்கி விழும் இடம் கான்டெக்ஸ்ட் அளவு, அதாவது மாடல் ஒரே தடவையில் படிக்கக்கூடிய அளவு. ஒல்லாமா தானாக வைப்பது சின்ன அளவாக இருக்கும். பெரிய டிஃப் (மாற்றிய வரிகளின் பட்டியல்) கொடுத்தால் எரர் காட்டாது, சத்தமில்லாமல் வெட்டிவிட்டு மிச்சத்துக்குப் பதில் சொல்லும். 16,384 டோக்கனுக்கு (சொல்துண்டுகளுக்கு) ஏற்றுங்கள். அதற்கு ஏறக்குறைய 1 ஜிபி மெமரி கூடுதலாகப் போகும், போகட்டும்.

ப்ராஜெக்டின் மொத்தக் கோடும் இருக்கும் ரெப்போவை அப்படியே கொட்டாதீர்கள். அடுத்த கமிட்டுக்கு (மாற்றத்தைப் பதிவு செய்வதற்கு) ஸ்டேஜ் செய்து வைத்த டிஃப், தொட்ட ஃபங்ஷன், அதன் டெஸ்ட், அவ்வளவுதான். லைப்ரரி வெர்ஷன்களைக் குறித்து வைக்கும் லாக் (lock) ஃபைலைத் தள்ளுங்கள், அது ஒன்றே இடத்தை அடைத்துவிடும். வரிகளுக்கு எண் போட்டுக் கொடுங்கள், இல்லாவிட்டால் மாடல் தானே ஒரு எண்ணை இட்டுக்கட்டும். டெம்பரேச்சர், அதாவது பதில் எவ்வளவு இஷ்டத்துக்கு மாறலாம் என்ற அளவு, 0.2. மாடலுக்கு முன்கூட்டியே தரும் கட்டளையான சிஸ்டம் ப்ராம்ப்டில்: "திருத்திய கோட் தராதே. அதிகபட்சம் 3 கேள்வி கேள். வரி எண் சொல். கேட்க எதுவும் இல்லையென்றால் இல்லை என்று சொல்." அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டால், கணக்குக்காகவாவது மூன்று கேள்வி கண்டுபிடிக்கும். முதல் வாக்கியத்தை விட்டால் அது கோச் இல்லை, கோனார் நோட்ஸ்.

ஒவ்வொரு கமிட்டுக்கும் முன்னால் தானாக ஓடும் ப்ரீ-கமிட் ஹூக்கில் இதை மாட்டவே மாட்டாதீர்கள். ஜிபியூ இல்லாத மெஷினில் நிமிடக்கணக்காகும், இரண்டாம் நாளே எல்லாரும் நோ-வெரிஃபை போட்டுத் தாண்டுவார்கள். வேண்டும்போது கூப்பிடும் தனிக் கமாண்டாக வையுங்கள். பதில் அவரவர் டெர்மினலில் வரட்டும், மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி அணிக்கு அனுப்பும் புல் ரிக்வெஸ்டில் ஊர் பார்க்க வேண்டாம். மறுபடியும் சொல்கிறேன்: மேனேஜர் பார்க்க வேண்டாம்.

"சின்ன மாடல் உளறுமே?" உளறும். பல ஃபைலில் பரவிக் கிடக்கும் ரேஸ் கண்டிஷனெல்லாம் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள் மோதுவதால் வரும் பக்) அதற்குப் பிடிபடாது. அதற்குத்தான் சீனியர் என்று ஒருவர் இருந்தார். ஏஐ வந்தாச்சு என்று அவருடைய ரிவ்யூ நேரத்தை வெட்டியது யார்?

"அளக்காமல் பலன் எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. 2025-ல் மீட்டர் (METR) என்ற ஆய்வு அமைப்பு 16 அனுபவசாலி ஓப்பன் சோர்ஸ் டெவலப்பர்களை 246 வேலைகளில் பார்த்தது. ஏஐ இருந்தபோது 19% அதிக நேரம் பிடித்தது. அவர்களோ 20% வேகமாக முடித்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள். ஆகவே அளங்கள். அணியை அளங்கள், ஆளை அளக்காதீர்கள். ரிவ்யூ எத்தனை சுற்று போகிறது, ரிலீஸுக்குப் பிறகு எத்தனை பக் வருகிறது என்று எண்ணினால் போதுமே.

"நீ ஏஐ எதிரி." டெம்பரேச்சர் முதல் எழுதித் தருகிறவன் எதிரி. சரி, அப்படியே இருக்கட்டும்.

"ஒழுங்காக வேலை செய்பவனுக்கு என்ன பயம்?" என்று எழுதிய சாருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். உங்கள் மீட்டிங்குகளுக்கும் மெயில்களுக்கும் முதலில் ஒரு கோச் மாட்டி, வாரா வாரம் மார்க்கை குரூப்பில் போடுங்கள். நாங்களும் ஊக்கமூட்டுகிறோம்.

அந்தப் பெண் இனிமேல் பழைய கோடைத் தொட மாட்டாள். தெரியாததைக் கருவியிடம் கேட்கவும் மாட்டாள். பத்து வரிக்கு ஒரு கமெண்ட் எழுதி, ஒரே மாற்றத்தை நாலு கமிட்டாக உடைத்துப் போட்டு, அடுத்த மாதப் பட்டியலில் மேலே வந்துவிடுவாள். அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் மறக்காமல் அனுப்புங்கள்.