நீச்சல் குளத்துக்கு என்ன போட்டுக்கொண்டு போவது?

எங்கள் குடியிருப்பின் நீச்சல் குளத்துக் கதவில் ஒரு பலகை தொங்குகிறது: "கண்ணியமான உடையில் மட்டுமே அனுமதி." அவ்வளவுதான். முழங்கால் வரையா, கணுக்கால் வரையா, கையில்லாதது ஆகுமா ஆகாதா என்று ஒரு விளக்கமும் கிடையாது. எழுதியவர்களுக்கே தெரியுமா என்பதும் சந்தேகம்தான். ஆனால் அதை அமல்படுத்த வேண்டிய ஆள் கதவருகே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். செக்யூரிட்டி அண்ணன். குடியிருப்பவர்களில் யார் உடை கண்ணியம், யார் உடை கண்ணியம் இல்லை என்று அந்த மனிதர் தினமும் தீர்ப்பு சொல்ல வேண்டுமாம். அவர் பாவம், தலையைக் குனிந்துகொண்டு, "மேடம், கமிட்டியில சொல்லச் சொன்னாங்க" என்று இழுப்பார்.

அப்படி அவர் யாரையெல்லாம் நிறுத்துகிறார் என்று கவனித்தால் விஷயம் புரிந்துவிடும். ஒன்-பீஸ் நீச்சலுடை போட்ட இளம்பெண்ணை நிறுத்துவார்: ரொம்பக் குறைவு. தலையிலிருந்து கணுக்கால் வரை மூடிய நீச்சலுடை போட்ட பெண்ணையும் நிறுத்துவார்: ரொம்ப அதிகம். இரண்டுக்கும் பின்னால் கமிட்டியில் யாரோ ஒருவர் புகார் கொடுத்திருப்பார். இதற்கு நடுவே, ஜிம்மில் ஒரு மணி நேரம் வியர்த்துவிட்டு அதே பருத்தி ஷார்ட்ஸோடு, உள்ளே ஜட்டியோடு, குளிக்காமல் நேராக வந்து தொபுக்கென்று குதிக்கிற ஆணை யாரும் ஒன்றும் கேட்பதில்லை. அந்தக் குளத்தில் தண்ணீருக்கு உண்மையிலேயே கெடுதல் செய்யும் உடை அவருடையது ஒன்றுதான்.

என் கட்சி இதுதான். நீச்சலுடையைப் பற்றி ஒரு குளம் கேட்கத் தகுந்த கேள்வி, அந்தத் துணி தண்ணீரில் என்ன செய்கிறது என்பது. அது உடம்பில் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்பது போட்டிருப்பவர் பாடு.

பருத்தி பிரச்சினையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "டி-ஷர்ட் போட்டால் என்ன தப்பு, அடக்கமாகத்தானே இருக்கிறது" என்பதுதான் அடிக்கடி வரும் வாதம். பருத்தி தண்ணீரைக் குடிக்கும். குடித்துவிட்டுக் கனக்கும். தொளதொள டி-ஷர்ட்டோடு இறங்கும் சிறுபிள்ளையைப் பாருங்கள். முதலில் சட்டைக்குள் காற்று புகுந்து முதுகில் பொம்மென்று உப்பும். காற்று போனதும் ஈரத்துணி கையோடும் இடுப்போடும் ஒட்டிச் சுற்றிக்கொள்ளும். பிள்ளை கையை வீசி நீந்தப் பார்க்கும், துணி பின்னால் இழுக்கும். நீந்தத் தெரிந்தவருக்கு அது எரிச்சல். இப்போதுதான் கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அது ஆபத்து.

இன்னொன்று, பருத்தி நூல் உதிர்க்கும். குளத்தைச் சுத்தம் செய்ய வரும் பையன் வடிகட்டிக் கூடையை வெளியே எடுத்துத் தட்டும்போது ஒருநாள் நின்று பாருங்கள். தலைமுடிச் சிக்கலோடு சாம்பல் நிறத்தில், துவைக்கிற இயந்திரத்தின் பஞ்சுப் பையில் சேர்வதுபோல, ஒரு ஈரப் பஞ்சு உருண்டை வரும். அதில் பெரும்பகுதி நம் பனியன்களும் வீட்டு ஷார்ட்ஸும் விட்டுப்போனவை. புதுத்துணி என்றால் சாயமும் இறங்கும். ஜீன்ஸ் ஷார்ட்ஸின் உலோகக் குமிழும் ஜிப்பும் ஓடுகளைக் கீறும்.

நைலான், பாலியெஸ்டர் துணிகள் தண்ணீரை அதிகம் பிடித்து வைக்காது, சீக்கிரம் காயும். நீச்சலுடை உடம்போடு ஒட்டி நிற்பதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் ஸ்பான்டெக்ஸ் இழை. லைக்ரா என்ற பெயரில் நமக்குத் தெரிந்த அந்த இழை 1958-ல் டுபான்ட் நிறுவனத்தில் உருவானது. குளோரின் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். அதனால்தான் பழைய நீச்சலுடை இடுப்பிலும் தொடையிலும் தளர்ந்து தொங்குகிறது. வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவைத்தால் கூடுதல் நாள் வரும். வாரத்தில் பல நாள் நீந்துபவர்கள் ஸ்பான்டெக்ஸ் குறைவாக, பாலியெஸ்டர் அதிகமாக இருப்பதை வாங்குவது நல்லது.

உடையோடு சேர்ந்தது குளியல். குளத்தில் கண் எரிந்தால் "குளோரின் ஜாஸ்தி போட்டுட்டாங்க" என்று பராமரிப்பு ஆளைத் திட்டுவோம். பெரும்பாலும் கதை வேறு. நம் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து குளோரமைன் என்ற பொருள் உண்டாகிறது. அந்த மூக்கைத் துளைக்கும் வாடையும் கண் எரிச்சலும் அதனுடையவை. ஒரு நிமிடம் ஷவரில் நின்றால் உடம்பில் உள்ள அழுக்கில் பெரும்பங்கு போய்விடும். ஆக, கண்ணியம் என்று ஒன்றை இந்தக் குளத்தில் கட்டாயமாக்க வேண்டுமென்றால் ஷவரிலிருந்து ஆரம்பிக்கலாம். அதைச் சொன்னால் மட்டும் ஆண்கள் பக்கமிருந்து ஒரு முனகல் வரும்.

சரி, அளவு விஷயத்துக்கு வருவோம்.

உடையின் அளவைக் காவல் காத்த ஊர்களின் கதையெல்லாம் இன்று படித்தால் சிரிப்புத்தான் வருகிறது. 1922-ல் அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் ஒரு குளிக்கும் துறையில் பெண்களின் உடை முழங்காலுக்கு மேல் ஆறு அங்குலத்தைத் தாண்டக் கூடாது என்று விதி. அதிகாரி ஒருவர் குனிந்து, ஒரு பெண்ணின் காலில் அளவுநாடா வைத்து அளக்கிற புகைப்படம் இன்றும் இருக்கிறது. அந்தப் படத்தில் கண்ணியக் குறைவாகத் தெரிவது அந்தப் பெண்ணின் உடையா, அந்த அளவுநாடாவா? ஆண்களும் தப்பிக்கவில்லை. 1930-களில் அட்லாண்டிக் சிட்டி கடற்கரையில் மேலாடை இல்லாமல் நின்ற ஆண்களைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். இன்று எங்கள் குளத்தில் வெறும் ட்ரங்க்ஸோடு நின்றுகொண்டு பெண்கள் உடையைப் பற்றிக் கருத்துச் சொல்லும் பெரியவர்கள் அந்தக் காலத்தில் அங்கே நின்றிருந்தால் லாக்கப்பில்தான் இருந்திருப்பார்கள்.

பிகினி பாரிஸில் ஒரு நீச்சல் குளத்தில்தான் அறிமுகமானது, 1946 ஜூலை 5 அன்று. பிகினித் தீவில் அமெரிக்கா அணுகுண்டு சோதனை நடத்திய நான்காம் நாள். வடிவமைத்த லூயி ரேயார் ஒரு பொறியாளர். இன்று அதே பிரான்ஸில் சண்டை எதிர்த்திசையில் நடக்கிறது. உடல் முழுவதையும் மூடும் புர்கினியை ஆஸ்திரேலியாவின் அஹேதா ஸனெட்டி 2004-ல் உருவாக்கினார். 2016-ல் பிரான்ஸின் பல கடற்கரை நகராட்சிகள் அதைத் தடை செய்தன. அந்த ஆகஸ்டில் நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் ஒரு நகரத்தின் தடையை நிறுத்திவைத்தது. 2022-ல் கிரனோபிள் நகரம் தன் நீச்சல் குளங்களில் அதை அனுமதிக்க முயன்றபோது, கீழ் நீதிமன்றம் அந்த அனுமதியை நிறுத்திவைத்தது, அதே உச்ச நிர்வாக நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கடற்கரையில் தடை கூடாது, குளத்தில் அனுமதி கூடாது. தலை சுற்றுகிறதா? அதற்கு அடுத்த ஆண்டு, 2023-ல், பெர்லின் நகரக் குளங்களில் ஆண்களைப்போலப் பெண்களும் மேலாடை இல்லாமல் நீந்தலாம் என்று அறிவித்தார்கள். பக்கத்துப் பக்கத்து நாடுகள்.

பிரான்ஸின் இன்னொரு வழக்கம் எனக்குப் பிடிக்கும். அங்கே பொதுக் குளங்கள் பலவற்றில் ஆண்கள் தொளதொள ஷார்ட்ஸோடு இறங்க முடியாது. தெருவில் போட்டுக்கொண்டு திரிந்த உடையோடு அப்படியே இறங்கிவிடுவார்கள் என்று சுகாதாரக் காரணம் சொல்லி, உடம்போடு ஒட்டும் ட்ரங்க்ஸ்தான் வேண்டும் என்கிறார்கள். காரணம் தண்ணீரைப் பற்றியது, எல்லோருக்கும் ஒன்று. அதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் கணுக்கால் வரை நீளும் நைலான் நீச்சலுடையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. நீச்சல் துணி, உடம்போடு ஒட்டியிருக்கிறது, தொங்கும் நாடா இல்லை, வீட்டிலிருந்து சுத்தமாகக் கொண்டுவந்தது. வேறென்ன வேண்டும்? போதாததற்கு, நல்ல நீச்சல் துணியில் யூபிஎஃப் 50 என்று போட்டிருந்தால் வெயிலின் புற ஊதாக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே வரும். நண்பகலில் பிள்ளைகளை இறக்குகிறவர்கள் எல்லோருமே முழுக்கைச் சட்டை வகையை வாங்கலாம்.

தொங்கும் நாடாவைச் சொன்னேன் அல்லவா, அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். குளத்தின் அடியில் தண்ணீரை உறிஞ்சும் துளையின் மூடி உடைந்திருந்தால் நீளமான முடி, கயிறு, தொங்கும் துணி எல்லாமே அதில் சிக்கும். உறிஞ்சும் விசை பெரியவர்களையே பிடித்து வைத்துவிடும். 2002-ல் அமெரிக்காவில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இப்படிச் சிக்கி இறந்துபோன பிறகுதான், 2007-ல் அவள் பெயரிலேயே அங்கே பாதுகாப்பான மூடிகளுக்குச் சட்டம் வந்தது. எங்கள் கமிட்டி பலகை எழுதியதற்குப் பதிலாக அந்த மூடியை ஒருமுறை குனிந்து பார்த்திருக்கலாம்.

"அப்படியென்றால் யாரும் எப்படியும் வரலாமா? குழந்தைகள் இருக்கிற இடமாச்சே" என்று கேட்பீர்கள். நான் போடுவது முழங்கால் வரை வரும் நீச்சலுடை, அதற்குமேல் குறைந்தால் எனக்கே சரிப்படாது. ஆனால் அது என் சௌகரியம், மற்றவர்களுக்கான சட்டம் ஆகாது. விதி என்று வைத்தால் மறைக்க வேண்டியதை மறைத்திருக்க வேண்டும், நனைந்தாலும் உள்ளே தெரியக் கூடாது, குதித்தாலும் நழுவக் கூடாது என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். இந்த விதியில் முதலில் மாட்டப்போவது நனைந்த வெள்ளைப் பனியனும் எலாஸ்டிக் போன பழைய ட்ரங்க்ஸும்தான், நவநாகரிகப் பெண்கள் இல்லை. மற்றபடி, தினமும் லிஃப்டில் முகம் பார்க்கிறவர்கள் இருக்கிற குளத்துக்கும், யாரையும் தெரியாத கடற்கரைக்கும் வேறுபாடு உண்டு என்பது போடுகிறவருக்கே தெரியும். அந்தக் கணக்கை அவர் போட்டுக்கொள்ளட்டும்.

குழந்தைகளைக் காட்டிப் பேசுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. அரை மணி நேரம் குளத்தைச் சுற்றி நடந்துகொண்டு, நீந்தவும் செய்யாமல் முறைத்துக்கொண்டே இருப்பவரைப் பற்றிக் கமிட்டியில் என்றைக்காவது பேச்சு வந்ததா? தன் பிள்ளையைப் படம் எடுக்கிறேன் என்று கைபேசியைத் தூக்கிப் பிடிப்பவரின் திரையில் ஊரார் பிள்ளைகளும் பெண்களும் விழுகிறார்களே, அது எந்தப் பலகையில் எழுதியிருக்கிறது? பல பெண்கள் குளத்துக்கு வருவதை நிறுத்தியது மற்றவர்கள் உடையைப் பார்த்து வெட்கப்பட்டு இல்லை, இதனால்தான். குளத்தைச் சுற்றிக் கைபேசிக் கேமரா கூடாது என்று ஒரு விதி வந்தால் உடைச் சண்டையில் பாதி தானாகக் கரைந்துவிடும் என்பது என் அனுமானம்.

குளத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழிக்கு ஒரு துண்டோ மேலங்கியோ போர்த்திக்கொள்ளச் சொல்வது நியாயம்தான். இதில் எனக்கு ஒழுக்கக் கவலை எதுவும் இல்லை, லிஃப்டில் சொட்டச் சொட்ட நிற்பவர்களால் வழுக்கி விழுவது அடுத்து வரும் தாத்தா.

கைக்குழந்தைகளுக்கு நீச்சல் டயப்பர் அவசியம். சாதாரண டயப்பர் தண்ணீரை உறிஞ்சி ஊதிக் கிழிந்துவிடும். ஆனால் நீச்சல் டயப்பரும் கெட்டியானதைத்தான் தாங்கும், வயிற்றுப்போக்கைத் தடுக்காது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற கிருமி சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும். பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றால் எந்த உடையிலும் இறக்க வேண்டாம், பெரியவர்களும்தான்.

கடைசியாக, இத்தனை சண்டைக்கு நடுவே யாரும் பேசாத ஒன்று நிறம். பிள்ளைகளுக்கு அழகாக இருக்கிறதே என்று வெளிர்நீல நீச்சலுடை வாங்குகிறோம். அதைத் தண்ணீருக்கு அடியில், நீல ஓட்டின் மேல், அலை அசையும்போது கண்டுபிடித்துப் பாருங்கள். வெள்ளையும் அப்படித்தான் மறைந்துவிடும். பளிச்சென்ற ஆரஞ்சு, மினுங்கும் மஞ்சள், அடிக்கிற ரோஸ், இவை தூரத்திலிருந்தும் தெரியும். விடுமுறையில் பிள்ளைகளுக்குப் புதிதாக வாங்கப்போகிறவர்கள் நீலத்தைத் திருப்பி வைத்துவிட்டு ஆரஞ்சை எடுங்கள். பிள்ளை நீலம்தான் வேண்டும் என்று அழுதால், துண்டை நீலத்தில் வாங்கிக் கொடுங்கள்.