பிள்ளை பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

இரண்டு நாளாக நம்ம ஊர் குரூப்களில் சுற்றும் அந்த ஆடியோவைப் பற்றித்தான் எழுதுகிறேன். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கு நெஞ்சில் பலூன் வைத்தார்களாம், காசு பறிக்கும் வேலையாம். "எல்லாம் பிள்ளை பெத்த பிறகு பாத்தா போதும் மக்களே" என்று அந்த அண்ணன் முடிக்கிறார்.

பொறுக்கவில்லை. அந்தப் பலூன் சுருங்கிப் போன இதய வால்வை விரிப்பதற்கு. பிள்ளை பிறக்கும்வரை நோய் காத்திருக்காது அண்ணா.

என் தங்கச்சிக்குச் சின்ன வயதில் தொண்டை வலி, காய்ச்சல், அப்புறம் முட்டு வீங்கும். எண்ணெய் தடவி விட்டோம். அது இதய வால்வைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சல் என்பதோ, 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டிருக்க வேண்டும் என்பதோ எங்களுக்குத் தெரியவில்லை. அவள் கர்ப்பமாக இருந்த ஐந்தாம் மாதத்தில்தான் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கியிருப்பது தெரிந்தது. "அக்கா, மூச்சு முட்டுகு" என்று ராத்திரி முழுக்கத் திண்ணைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். எதிரே கொடியில் ரப்பர் ஷீட் காயும். அந்த வாடை வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்த ராத்திரிகள்தான் நினைவுக்கு வரும்.

கர்ப்ப காலத்தில் உடம்பில் ரத்தம் 40 முதல் 50 சதவீதம் வரை கூடும். சுருங்கிய வால்வு வழியாக அவ்வளவும் இறங்க முடியாமல் மேலறையில் தேங்கும். பிரசவத்தில் ரத்தம் கொட்டிப் போய்விடக் கூடாது என்று உடம்பே ரத்தத்தைச் சீக்கிரம் உறையும்படி மாற்றி வைத்திருக்கும் காலம் வேறு. தேங்கிய இடத்தில் ரத்தக்கட்டி உண்டாகி, ஒரு துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். பிரசவம் முடிந்தும் ஆறு வாரம் வரை இந்தப் பயம் இருக்கிறது. இதில் "பிறகு" என்பது எந்த நாள்?

பலூன் வைக்கும்போது பார்க்கிற எக்ஸ்ரே பிள்ளையைப் பாதிக்காதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நானும் அழுதுகொண்டே கேட்டேன். அவசரம் இல்லாவிட்டால் முதல் மூன்று மாதம் கழியட்டும் என்று பார்ப்பார்கள். வயிற்றை ஈயக் கவசத்தால் மூடி, கதிர் படும் நேரத்தை முடிந்தவரை குறைப்பார்கள். தொடை ரத்தக்குழாய் வழியாகத்தான் பலூன் போகிறது, நெஞ்சைத் திறப்பதில்லை. மாத்திரையில் அடங்கினால் பலூனே வேண்டாம் என்று மருத்துவரே சொல்லிவிடுவார். உள்ளே ஏற்கெனவே ரத்தக்கட்டி இருந்தால் பலூனை உள்ளே விடவே மாட்டார்கள்.

காசு பறிக்கிறார்கள் என்பதற்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. கடன் வாங்கியது நாங்கள்.

ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையையும் நிறுத்தச் சொல்கிறீர்கள் அண்ணா. வார்ஃபரின் என்ற அந்த மாத்திரை ஆரம்ப மாதங்களில் பிள்ளையைப் பாதிக்கலாம், உண்மைதான். அதற்குத்தான் ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுகிறார்கள். செயற்கை வால்வு வைத்த ஒருத்தி உங்கள் பேச்சைக் கேட்டுத் தானாக மாத்திரையை நிறுத்தினால், வால்விலேயே ரத்தம் உறைந்து உயிரே போகலாம். யார் பொறுப்பு? நீங்களா? மருத்துவமனை வராந்தாவில் ஒரு ராத்திரியாவது உட்கார்ந்திருக்கிறீர்களா?

பலூன் செய்த மறுநாள் ராத்திரி என் தங்கச்சி மல்லாந்து படுத்துத் தூங்கினாள். எத்தனையோ வாரம் கழித்து. நான் தூங்காமல் அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு.

நேற்று மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு பிள்ளை இன்பாக்சில் எழுதியிருந்தது. ஆறாம் மாதம், இதே வால்வு. ஆடியோவைக் கேட்ட மாமியார் திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம் என்கிறாராம்.

போ மக்களே. துணைக்கு ஆள் இல்லையென்றால் சொல்லு, காலையில் நான் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்.