குளம் வற்றும்போது போங்கள்

பறவை பார்க்கப் போவோமா என்று கேட்டால் எங்கட ஆக்கள் உடனே குமண என்பார்கள். 1938இலேயே சரணாலயமான இடம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மட்டக்களப்பில் இருந்துகொண்டு, குமண போக ஜீப்புக்குக் காசு சேரட்டும் என்று பார்த்திருப்பது வீண் வேலை. உன்னிச்சை, உறுகாமம், வாகனேரி, அம்பாறைப் பக்கம் என்றால் சாகாமம், இந்தக் குளமெல்லாம் ஒரு மோட்டார் சைக்கிள் தூரம்தானே.

போகவேண்டிய காலம் புரட்டாதி, ஐப்பசி. சிறுபோகத்துக்குத் தண்ணீர் விட்டுக் குளம் இறங்கி, மாரி இன்னும் தொடங்காத அந்த இடைவெளியில், "குளம் வத்திப்போச்சு, என்னத்தைப் பாக்கிறது?" என்று நாம் முகம் சுளிக்கும் அதே சேற்றைத் தேடித்தான் சைபீரியாப் பக்கமிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வந்து இறங்குகின்றன. உப்புக்கொத்தி கண்ணால் பார்த்து, ஓடிப்போய், மேலே கிடப்பதைக் கொத்தும். பொரி உள்ளான் ஓரத்து ஆழமில்லாத தண்ணீரில் மேயும். கருவால் மூக்கன் நீண்ட அலகை அடிவரை இறக்கிப் புழுவை இழுக்கும். ஒரே சேற்றில் ஆளுக்கொரு ஆழம், சண்டை குறைவு. கார்த்திகை மழையில் குளம் நிரம்பி, தண்ணீர் இந்தப் பறவைகளின் கால் உயரத்தைத் தாண்டினால் அவை வயலுக்கும் வாவிக் கரைக்கும் போய்விடும்.

முந்திப் போவதில் இன்னொரு லாபமும் உண்டு. மார்கழி, தையில் பார்த்தால் எல்லாம் ஒரே மண்ணிறம், புதிதாகப் பழகுகிறவருக்கு வெறுத்துப்போகும். புரட்டாதியில் வருகிற சிலவற்றில் இனப்பெருக்க கால நிறம் இன்னும் மிச்சமிருக்கும்: பொன்னிற உப்புக்கொத்தியின் வயிற்றில் கருப்புத் திட்டு, வளைமூக்கு உள்ளானில் செங்கல் சிவப்பு. நீலச்சிறகி, ஊசிவால் வாத்துதான் வேண்டும் என்றால் சரி, கொஞ்சம் பிந்திப் போங்கள்.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஜனவரியில்தான் நடக்கிறது. அப்போது எங்கட குளங்கள் நிறைந்து கிடக்கும். அதனால்தான் சொல்கிறேன், புரட்டாதியில் பார்த்ததை இ-பேர்டில் (eBird, பறவை பார்த்ததைப் பதியும் இணையத்தளம்) போட்டுவையுங்கள், போனில் மூன்று நிமிட வேலை. படம் தெளிவில்லையா, பரவாயில்லை, எண்ணிக்கையைப் போடுங்கள். (பெரிய லென்ஸ் வாங்கிவிட்டு பறவைக்குப் பின்னால் ஓடி எழுப்பிவிடுகிறவர்களைவிடச் சாதாரண பைனாகுலர்காரன் எவ்வளவோ மேல்.)

எனக்குக் கோபம் வருவது "அழகுபடுத்தல்" என்ற பேரில் குளத்து ஓரத்தை மண் போட்டு நிரப்பி, கல் பதித்து, லைட் போடும்போதுதான். நடைபாதை வேண்டுமா, குளக்கட்டின் மேல் போடுங்கள். கரை சரிவாக, சேறாக இருக்கட்டும். அங்கே நிற்கிற எருமையும் நிற்கட்டும், அது கிளப்புகிற பூச்சிக்குத்தான் உண்ணிக்கொக்கு கூடவே திரிகிறது.

கட்டு பெரும்பாலும் கிழக்கே இருப்பதால் காலையில் அதில் நின்றால் வெயில் முதுகுப் பக்கம், பறவை முன்னால் பளிச்சென்று தெரியும். உன்னிச்சைப் பக்கம் போகிறவர்கள் மட்டும் நன்றாக விடிந்த பிறகு போங்கள், யானை நடமாட்டம் இருக்கிறது.